நீல மூடி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடு முதுகில்
வண்டி நடக்கத் தொடங்கியது.
எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு இருபது.
முதுகில் ஆறு யூனிட் கல்.
பின்னால் அரசுப் பேருந்து, ஒரு கல்யாணக் கார்,
சந்தையிலிருந்து ஏறிவந்த மீன் ஆட்டோ.
எல்லோருடைய கெட்ட வார்த்தைக்கும்
ஒரே விலாசம்.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
மூன்று நாளாகவே எரிந்தது.
எரியட்டும் என்று விட்டது நான்தான்.

வெட்டுவெந்நியில் ஷிபு
வண்டிக்கு அடியில் படுத்து நாசிலைக் கழற்றிக் காட்டினான்.
வெள்ளையாய்ப் பூத்திருந்தது,
பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் பூப்பதுபோல.
மணமும் அதேதான்.
"இதுல என்னத்த ஓய் ஊத்தினீரு?"

சொல்லவில்லை.
பத்து நாள் முன்பு, வாடகை வராத ஒரு செவ்வாய்க்கிழமை,
பங்கில் இருபது லிட்டர் கேனின் விலையைக் கேட்டுவிட்டு
வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.
வாழைக்கு வாங்கிய யூரியா மூட்டை பாதி இருந்தது.
ரெண்டும் யூரியாதானே.
கிணற்றுத் தண்ணீரில் கரைத்து
அனுஷ்லியின் பழைய துப்பட்டாவில் வடிகட்டி
நீல மூடியைத் திறந்து ஊற்றினேன்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

"சொசைட்டி யூரியாவுல வேப்பெண்ணெய் பூசியிருக்கும் ஓய்.
வாழைக்கு நல்லது.
வண்டிக்க ஈரக்குலைக்கு அது விஷம்லா."
ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றான்.
எதிர்க்கடையில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தவர்
கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
அஜிதாவின் சங்கிலி
போன மாசமே பாங்கில்.

சாயங்காலம் பாறசாலையிலிருந்து ரெஜி வந்தான்,
தோளில் லேப்டாப்.
பதினெட்டாயிரம். நாற்பது நிமிஷம்.
"டேங்க் காலியானாலும் நிறைஞ்சிருக்குன்னு வண்டி நம்பிக்கும்.
விளக்கு எரியாது. புகையும் காணாது."
காணாது என்றதுதான் உறுத்தியது.
கறுப்பாய் வந்தால் திட்டுவார்கள்.
காணாமல் வருவதை யார் திட்டுவது?
படந்தாலுமூட்டில் ரோட்டைப் பார்த்த ஜன்னல்
எங்கள் வீட்டு ஜன்னல்.
அனுஷ்லி அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

இப்படி நியாயம் பேசும்போதே
எனக்குச் சிரிப்பும் வருகிறது.
நான் ஏற்றிப்போவது ஒரு மலையை.
சித்திரங்கோட்டுப் பக்கம் காலையில் நின்ற பாறை
ராத்திரி எல்லை தாண்டிவிடும்.
மலையைத் தின்னலாம்,
ஏப்பம் மட்டும் மணக்கக்கூடாது.
அந்த ஏப்பத்தைக் கழுவும் தண்ணீருக்காக
எங்கோ ஒரு ஆலையில் எரிவாயு தீர்கிறது.
அதைச் சுமந்து வர இன்னொரு லாரி.
அந்த லாரிக்கும் ஒரு நீல மூடி.
காலிக் கேன்கள் எங்கள் விளையில் பதினேழு.
ஒன்றை வெட்டிக் கறிவேப்பிலை வைத்தாள் அஜிதா.
பிடிக்கவில்லை.

ரெஜியைத் திருப்பி அனுப்பினேன்.
நல்லவன் என்பதால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
அடுத்த மாசம் எஃப்.சி., அதுவும் உண்டு.
சங்கிலி போன வழியில்
மூன்று சென்ட் பத்திரமும் போனது.

நேற்றிரவு களியக்காவிளைச் சோதனைச்சாவடி.
நாற்பது வண்டி வரிசை,
எல்லாம் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு.
நின்று உறுமினால் சைலன்சர் சூடேறாது,
சூடேறாமல் மருந்து பீச்சாது. ஷிபு சொன்னது.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்
என் காலுக்குக் கீழே சும்மா கிடந்தது.
வண்டிகளுக்கு நடுவே பிளாஸ்க்கோடு வந்த கட்டஞ்சாயாக்காரர்
மூக்கைத் துண்டால் சுற்றியிருந்தார்.
சாவியைத் திருகி அணைத்தேன்.
அதற்குக் காசில்லை.

பாதி டம்ளர் குடிப்பதற்குள்
வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
பின்னால் இருந்தவன்
ஹாரனில் கை வைத்தான், எடுக்கவில்லை.